ஏழாம் அத்தியாயம்: நாய்க்கும் பூனைக்கும் கருத்தடைச் சிகிச்சை

இந்நூலை வாங்கியவர் வீட்டில் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ ஐந்தாம் மாதத்தை எட்டியிருக்குமானால், முந்திய அத்தியாயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்து இதை முதலில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் ஆகாரத்திலும் பழக்கத்திலும் நேர்ந்த தவறுகளைப் பிற்பாடு திருத்திக்கொள்ள ஓரளவேனும் அவகாசம் உண்டு. இவ்விஷயத்திலோ நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிராணியின் உடல் முந்திக்கொண்டுவிடுகிறது. பூனைக்கு நான்கு மாதம் முடிந்த சில வாரங்களிலேயே சினைபிடிக்கும் சக்தி வந்துவிடலாம். பெட்டை நாய் ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில், நாம் எதிர்பாராத ஒரு காலைப்பொழுதில், கூடத்துத் தரையில் இரண்டொரு ரத்தத் துளிகளைச் சிந்தித் தன் பருவத்தைத் தெரிவிக்கிறது.

பொறுப்புள்ளவர்கள் கருத்தடை செய்துதான் ஆகவேண்டுமா என்று கேட்போருக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளில் வளரும் பூனைகள் அனைத்துக்கும், நாய்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் செய்வதே நலம். எனினும் எல்லாப் பிராணிக்கும் ஒரே வயதில் செய்வது சரியன்று. செய்யாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதற்குரிய காவலையும், குட்டிகள் பிறந்தால் அவற்றின் வாழ்நாள் பாரத்தையும் தாமே சுமக்கச் சித்தமாயிருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட பிராணிகள் கருத்தடை விதிகளும், வளர்ப்புப் பிராணியின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றும் உரிமையாளரின் பொறுப்பே என்று விதித்திருக்கின்றன.

முடிவு செய்யும் முன் எழுதவேண்டியவை

ஒரு தாளை எடுத்து, கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதுங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது போதாது. எழுதும்போதுதான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொண்டிருந்த இடங்கள் புலப்படுகின்றன.

1. பிராணி பெட்டையா, கடுவனா? என்ன இனம்? முழுவளர்ச்சி அடையும்போது ஏறத்தாழ எத்தனை கிலோ இருக்கும்?
2. அது தனியே வெளியில் போகிறதா? மொட்டைமாடி, காம்பவுண்டுச் சுவர், பால்காரருக்காகத் திறந்துவைக்கும் வாயிற்கதவு ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.
3. பெட்டை நாயாயின், பருவக் காலத்தில் நான்கு வாரம் முழுவதும், ஒரு நாளும் தவறாமல் காவல்காக்க வீட்டில் ஆள் உண்டா?
4. குட்டிகள் பிறந்தால் யார் யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்? பெயர்களை எழுதுங்கள். நாய் ஓர் ஈத்துக்கு ஐந்தாறு குட்டிகளும், பூனை மூன்று நான்கும் போடுவது சாதாரணம்.

நான்காம் கேள்வியில் பெரும்பாலோர் பேனாவை நிறுத்திவிடுவார்கள். நானும் ஒருகாலத்தில், நான்கு பூனைக்குட்டிகளுக்கு நான்கு நல்ல வீடுகளைத் தேடிக்கொடுத்துவிட்டதாகத் திருப்திகொண்டிருந்தவன். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் சந்தையின் பின்வாசலில், செதில் கழுவிய நீர் ஓடும் சாக்கடையோரம், விலா எலும்பு தெரிய ஒரு சாம்பல்நிறப் பூனை நின்றது. அதன் கழுத்தில், குட்டியாக இருந்தபோது என் மகள் கட்டிவிட்ட நீல நாடா அப்படியே இருந்தது. கழுத்து வளர்ந்தும் நாடாவை எவரும் தளர்த்தவில்லை; அது தோலுக்குள் பதிந்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்து புண்ணாகியிருந்தது; அதன் வயிறோ சினையால் பருத்திருந்தது. வாங்கிக்கொண்டுபோனவர் கெட்டவர் அல்லர். வீடு மாற்றிப் போனார், பூனையைக் கொண்டுபோக வசதிப்படவில்லை. அன்று முதல், கொடுத்துவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்ற எண்ணத்தை விட்டேன். இவ்வத்தியாயத்தை எழுதத் தூண்டியதும் அந்த நாடாதான்.

லாபமும் நஷ்டமும்

பெட்டை நாயின் கருப்பையில் சீழ் கட்டும் வியாதி, கருத்தடை செய்யப்படாத நடுவயது நாய்களுக்கு வரும் ஆபத்துகளுள் பெரியது. வழக்கமான கருத்தடை வெகுகாலம் நடைமுறையில் இல்லாதிருந்த ஸ்வீடன் தேசத்தில் கணக்கெடுத்தபோது, பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பத்து வயதுக்குள் இவ்வியாதிக்கு ஆளாவதாகத் தெரியவந்தது. பருவம் கழிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாலும், ஆகாரத்தை மோந்துவிட்டுத் திரும்பினாலும், வாந்தி எடுத்தாலும், படுத்த இடத்தில் சீழோ பழுப்புநிற நீரோ காணப்பட்டாலும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். அது இன்னும் அபாயம். அப்போது செய்யப்படுவதும் இதே கருப்பை நீக்கந்தான். ஆனால் ஆரோக்கியமான இளம் நாய்க்குச் செய்வதற்கும், விஷம் ரத்தத்தில் கலந்து துவண்டுகிடக்கும் ஒன்பது வயது நாய்க்குச் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப்பாருங்கள்.

மார்புக் கட்டியைப் பற்றி 1969-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, கருத்தடை செய்யப்படாத பெட்டைக்குள்ள அபாயத்தை நூறு என்று கொண்டால், முதல் பருவத்துக்கு முன் சிகிச்சை பெற்றதற்கு அரை, ஒரு பருவம் கண்டதற்கு 8, இரண்டு பருவம் கண்டதற்கு 26 என்று கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அவ்வெண்களின் உறுதியை ஐயுற்றிருக்கிறார்கள். ஆயினும் தாமதம் பெட்டைக்கு அனுகூலமன்று என்பதே இன்றும் மருத்துவர்களின் பொதுக் கருத்து. வெளியில் திரியும் நாய்களுக்குள் புணர்ச்சியால் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் நாட்டில் மலிந்திருப்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

கடுவன்களுக்கு விரைக்கட்டி வராது. ஊர் சுற்றுவதும், மூலைக்கு மூலை சிறுநீர் தெளிப்பதும் குறையும். பயத்தால் கடிக்கும் நாய் இதனால் திருந்தும் என்று எதிர்பார்க்கவேண்டாம்; அத்தகைய குணம் சில வேளைகளில் மிகுவதும் உண்டு.

நஷ்டங்களையும் மறைக்கலாகாது. உடல் பருக்கும், சில பெட்டைகளுக்கு, விசேஷமாகப் பெரிய இனங்களுக்கு, பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். பெரிய இன நாய்களுக்கு வளர்ச்சி முடியுமுன் செய்தால் மூட்டு வியாதிகள் மிகுவதாக, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் கோல்டன் ரெட்ரீவர் முதலிய இனங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் 2013 முதல் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஆகவே வயதைப் பற்றிய கேள்வியைச் சற்று விரித்தே எழுதவேண்டியிருக்கிறது.

எந்த வயதில்?

பூனை, பெட்டையாயினும் கடுவனாயினும்: நான்காம் ஐந்தாம் மாதத்தில், எடையையும் தடுப்பூசியையும் பார்த்துச் செய்துவிடலாம். பெட்டைப் பூனை இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்திப் புரண்டுகொண்டே இருக்கும். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். தாய்ப்பூனைக்குக் குட்டிகள் பால்குடி மறந்தவுடன் செய்யுங்கள்; அதுவரை வெளியே விடாதீர்கள்.

நாட்டு நாய், கலப்பு நாய், சிறிய இனங்கள்: பெட்டைக்கு ஆறாம் மாத வாக்கில், முதல் பருவத்துக்கு முன். பருவம் வந்துவிட்டால் அந்நாட்களில் ரத்தப்போக்கு மிகும். இரண்டு மூன்று மாதம் பொறுத்துச் செய்வது வழக்கம்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்கள்: கடுவனுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை, அதாவது பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை, பொறுக்கலாம். பெட்டைக்கு மூட்டின் நலமும் மார்பின் நலமும் எதிரெதிராக இழுப்பதால், முதல் பருவத்துக்கு முன்னா பின்னா என்பதை உங்கள் டாக்டரோடு கலந்து தீர்மானியுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: இவை நம் மண்ணின் சொத்து, ராஜபாளையம் நாயின் உருவம் 2005-இல் தபால்தலையிலும் இடம்பெற்றது. குறையற்ற உடலும் நல்ல வம்சமும் உடைய ஒன்றிரண்டு நாய்களைச் சந்ததிக்காக வைத்துக்கொள்ளும் அன்பர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதனை முறையாகச் செய்யவேண்டும். விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும் என்றும், பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தலாகாது என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்றும் 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் வெண்ணிற ராஜபாளையத்தில் பிறப்பதுண்டு. அத்தகைய நாயின் வம்சத்தைப் பெருக்குவது இனத்துக்குச் செய்யும் சேவை ஆகாது.

தெருவிலிருந்து எடுத்த வளர்ந்த நாய்: முதலில் காதைப் பாருங்கள். காது மடலில் சிறு முக்கோண வெட்டு இருந்தால், உள்ளாட்சியோ தொண்டு நிறுவனமோ ஏற்கெனவே கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருக்கிறது என்று பொருள். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-இல் தொடங்கிய இம்முறையை மாநகராட்சி 1996-இல் மேற்கொண்டது. 2001-இல் அது நாடு முழுமைக்குமான விதியாயிற்று. வெட்டு இல்லாவிடில், உடம்பு தேறியவுடன் தாமதமின்றிச் செய்துவிடுங்கள்.

செய்யாமல் வைத்துக்கொள்ள முடிவுசெய்தவர்க்கு

1. பருவத்தின் முதல் துளியைக் கண்ட தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அன்றிலிருந்து நான்கு வாரம் எண்ணி அந்த நாளையும் குறியுங்கள்.
2. இடைப்பட்ட நாட்களில் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் இல்லாமல் வாசற்படி தாண்டவிடாதீர்கள். தோட்டத்தில் தனியே கட்டிவைப்பதும் கூடாது. மதில் கடுவனுக்குத் தடையன்று.
3. ஏறத்தாழ ஒன்பதாம் நாளில் ரத்தம் வெளுத்து நிற்கத் தொடங்கும். ‘ஆயிற்று, இனிப் பயமில்லை’ என்று அவிழ்த்துவிடுகிறவர்கள் அநேகர். சினைபிடிக்கும் நாட்கள் தொடங்குவதே அப்போதுதான்.
4. தவறி இணை சேர்ந்துவிட்டால், பிரிக்க முயன்று அடிக்கவோ இழுக்கவோ வேண்டாம், இரண்டுக்கும் காயமாகும். தேதியைக் குறித்துக்கொண்டு ஓரிரு நாட்களில் டாக்டரைக் காணுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்.

எச்சரிக்கை: மருந்துக்கடையில் மனிதருக்கென விற்கும் கருத்தடை மாத்திரைகளை நாய்க்கோ பூனைக்கோ கொடுப்பது கொடுமையான தவறு. பருவத்தைத் தள்ளிப்போட அடிக்கடி போடப்படும் ஹார்மோன் ஊசிகளும், மேலே சொன்ன சீழ் வியாதிக்கும் மார்பு வீக்கத்துக்கும் வழிகோலக்கூடியவை.

முன்னேற்பாடு: மூன்று வாரத்துக்கு முன் தொடங்கவேண்டியவை

சிகிச்சை இன்று தனியார் மருத்துவமனைகளிலும், அரசுக் கால்நடை மருத்துவமனைகள் பலவற்றிலும், சென்னை வேப்பேரியில் 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைக்கூடத்திலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய ஊர்களின் கல்லூரிகளிலும் நடைபெறுகிறது. ‘மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கு என்ன செய்வார்கள்’ என்று தயங்குவோரைக் கண்டிருக்கிறேன். நாள்தோறும் இதையே செய்து பழகிய கைகள் அங்கே உண்டு. கட்டடத்தின் பளபளப்பைவிட, மயக்கத்தின்போது பிராணியின் மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பதே முக்கியம்.

1. மூன்று வாரத்துக்கு முன்: தடுப்பூசிகள் நிலுவையிருந்தால் போட்டு, குடற்புழு மருந்து கொடுங்கள். சிகிச்சைக்கு முதல்நாள் தடுப்பூசி போட ஓடுவதில் பிரயோஜனமில்லை.
2. இரண்டு வாரத்துக்கு முன்: உண்ணியை ஒழியுங்கள். காதுமடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் நாட்டு வெப்பத்தில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். வெளிக்கு ஓடியாடிக்கொண்டிருக்கும் நாயின் ரத்தத்திலும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். குறைந்திருந்தால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் உறையாது.
3. ஒரு வாரத்துக்கு முன்: ரத்தப் பரிசோதனை. தட்டணு எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் மூன்றும் அதில் அடங்கவேண்டும். செலவைக் கருதி இதைத் தவிர்க்கச் சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். பார்வைக்கு நன்றாயிருந்த என் நாய்க்குத் தையலிலிருந்து இரவு முழுவதும் ரத்தம் கசிந்தது. விடியும்வரை மடித்த துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் மறுநாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் காரணம் தெளிவாக எழுதியிருந்தது. அதை ஒரு வாரம் முன்னரே தெரிந்துகொண்டிருக்கலாம்.
4. டாக்டரிடம் நீங்களாகவே சொல்லவேண்டியவை: கடைசிப் பருவம் வந்த தேதி, முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமற்போனதா, இப்போது கொடுக்கும் மருந்துகள். கன்னி, சிப்பிப்பாறை போன்ற கொழுப்பற்ற வேட்டைநாயாயின், அதையும் சொல்லுங்கள். தயோபென்டால் போன்ற பழைய மயக்கமருந்துகளிலிருந்து இத்தகைய உடல்வாகு மெதுவாகவே தெளியும். பக் போன்ற சப்பைமூக்கு நாய்க்கு மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சைக் கண்காணிக்க யார் இருப்பார் என்று கேளுங்கள்.
5. இரண்டு நாளுக்கு முன்: குளிப்பாட்டி நன்கு உலர்த்துங்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் குளியல் கிடையாது.
6. முதல்நாள் இரவு: வளர்ந்த பிராணிக்கு டாக்டர் சொன்ன நேரத்துக்குமேல் ஆகாரம் கொடாதீர்கள்; தண்ணீரைப் பெரும்பாலும் காலைவரை அனுமதிப்பர். சிறு குட்டிக்கு நெடுநேரப் பட்டினி ஆகாது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதற்கு எத்தனை மணி நேரம் என்பதைத் தனியே கேட்டறியுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், முக்கியமாகக் குழந்தைகளிடமும் பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்; பாவம், பசித்திருக்கிறதே என்று இரக்கத்தால் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவது அவர்கள்தாம். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தவறிக் கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

குறிப்பு: இப்போதே பழகிக்கொள்ளவேண்டிய ஒரு சோதனை உண்டு. பிராணியின் மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய இளஞ்சிவப்பைப் பெறும். ஆரோக்கியமான நாளில் அந்நிறத்தைப் பார்த்து மனத்தில் பதித்தவருக்கே, ஆபத்தான இரவில் வேற்றுமை தெரியும்.

சிகிச்சை நாள்

நாயைப் பட்டையும் சங்கிலியும் பூட்டியும், பூனையைத் தாழ்ப்பாள் உள்ள கூடையில் வைத்தும் கொண்டுசெல்லுங்கள். கோணிப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ கொண்டுவந்து, ஆட்டோவை விட்டு இறங்கும்போது தப்பவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். பெட்டைக்கு வயிற்றின் நடுவிலோ விலாவின் பக்கவாட்டிலோ திறந்து சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து, எடுத்துவிடுவார்கள். கடுவனுக்கு விரைகளை நீக்குவார்கள். எதுவானாலும் முழு மயக்கத்தில், வலிநீக்க மருந்தோடு, பட்டம்பெற்ற கால்நடை மருத்துவரே செய்யவேண்டும். கிராமங்களில் நசுக்கிக் காயடிக்கும் பழைய வழக்கத்தை எந்தப் பிராணிக்கும் அனுமதிக்காதீர்கள்.

குறிப்பு: அடையாள மைக்ரோசிப் பொருத்த எண்ணியிருந்தால், மயக்கத்திலிருக்கும்போதே பொருத்திவிடச் சொல்லலாம்.

வீட்டுக்குப் புறப்படுமுன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து எந்த வேளையில், தையல் தானே கரையக்கூடியதா, பிரிக்கவேண்டியதா, இரவில் ஆபத்தென்றால் எந்த எண்ணை அழைப்பது.

முதல் இரவு

1. படுக்கையைத் தரையிலேயே போடுங்கள். மடித்த சாக்கின்மேல் துவைத்த பழம்புடவை போதும். கட்டிலிலும் சோபாவிலும் ஏற்றாதீர்கள். தள்ளாடி விழுந்தால் உள்தையல் விட்டுப்போகும். பூனையைப் பரணில்லாத சிறிய அறையில் வையுங்கள்.
2. மின்விசிறியை நேரே சுழலவிடாதீர்கள். மயக்கம் தெளியும்வரை உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. மெல்லிய துணியால் போர்த்துங்கள்.
3. தலை உடலுக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். முழுதும் தெளிந்து, தானே நிற்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தெளிந்தபின் சிறிது தண்ணீர், அது தங்கினால் ஒரு கைப்பிடி குழைந்த சாதம்.
4. மணிக்கு ஒருமுறை ஈறின் நிறத்தையும் காயத்தையும் பாருங்கள்.
5. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அன்பான நாயும் அரைமயக்கத்தில் கடிக்கும்.

ஈறு வெளுத்தல், காயத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நில்லாமல் ரத்தம் வடிதல், வயிறு உப்புதல், மூச்சு வாங்குதல், மறுநாள் காலைவரை எழுந்திராமை ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றிருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் டாக்டரை அழையுங்கள்.

பத்து நாட்கள்

மூன்றாம் நாளில் பிராணி பழைய துள்ளலோடு ஓடிவரும். மனம் குளிர்ந்து நாமும் விளையாட விட்டுவிடுவோம். தையல்கள் பிய்வது பெரும்பாலும் இப்போதுதான். வெளித்தோல் ஒட்டினாற்போலத் தோன்றினும், உட்சுவர் கூட இன்னும் நாளாகும். பத்து நாளும் சங்கிலியோடு, மலஜலத்துக்கு மாத்திரம் வெளியே கொண்டுபோங்கள்.

காயத்தை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புப்பட்டையை, பிராணியின் முகம் வாடுகிறதே என்று கழற்றாதீர்கள். நாவால் நக்கி ஒரு தையலைப் பிரிக்க நாய்க்கு ஐந்து நிமிஷம் போதும். பெட்டை நாய் பட்டையைச் சகிக்கவே மறுத்தால், பழைய பனியனில் முன்கால்களை நுழைத்து, முதுகின்மேல் முடிச்சிட்டு வயிற்றை மூடலாம். அது ஈரமாகாமல் தினம் மாற்றவேண்டும்.

காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள், தொடாதீர்கள். மஞ்சள், விபூதி, தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் கொடுத்த மருந்தைத் தவிர வேறொன்றும் அங்கே படலாகாது. மழைக்காலத்திலும் கோடையிலும் ஈ மொய்க்காமல் கொசுவலைக்குள்ளோ, கம்பிவலை அடித்த அறையிலோ வைத்திருங்கள். ஈ ஒருமுறை உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். துர்நாற்றமும், அவ்விடத்தையே நாய் ஓயாது திரும்பிப் பார்ப்பதும் அதன் முதல் அறிகுறிகள்.

எச்சரிக்கை: வலிக்கிறதென்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்கவேகூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இபுப்ரோஃபென் நாய்க்கும் பூனைக்கும் விஷம்.

நாயின் சாதாரண உடற்சூடு பாரன்ஹீட் 101 முதல் 102.5 வரை. நம் கைக்குச் சுடுகிறது என்பதைக்கொண்டு காய்ச்சல் என்று பயப்படவும் வேண்டாம். 103-ஐத் தாண்டினால் அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

கடுவனைப் பற்றி ஒரு வார்த்தை: விரை நீக்கியபின்னும் சில வாரம் வரை அதற்குச் சினைப்படுத்தும் சக்தி எஞ்சியிருக்கலாம். ஒரே வீட்டில் பெட்டையும் இருந்தால் ஆறு வாரம் பிரித்தே வையுங்கள்.

நாம் கேட்டு வளர்ந்த சில வார்த்தைகள்

‘ஒரு ஈத்தாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது’ என்பர். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதே ஆயினும், இதற்கு வைத்திய ஆதாரம் கிடையாது. மார்புக் கட்டியின் கணக்கு இதற்கு நேர்மாறாக நிற்கிறது. ‘காயடித்த நாய் காவல் காக்காது’ என்பதும் அப்படியே. அந்நியரைக் கண்டு குரைப்பது விரையிலிருந்து பிறக்கும் குணமன்று. பெட்டை நாய்கள் எத்தனை வீட்டைக் காக்கின்றன! ‘இயற்கைக்கு விரோதம், பாவம்’ என்று உண்மையாகவே மனம் நோகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கதவுக்குள் வைத்து, நாம் போட்டதைத் தின்று, நாம் சொன்ன நேரத்தில் உலாவும் பிராணியை இயற்கையிடமிருந்து நாம் முன்னமே வாங்கிக்கொண்டுவிட்டோம். பத்தாம் நாள் சாக்குப்பையில் கட்டிச் சந்தையில் விடப்படும் குட்டியின் துன்பத்தையும் அதே தராசில் வைத்துப் பார்க்கும்படி அவர்களைப் பணிவோடு கேட்பேன்.

தையல் பிரித்த பிறகு

பத்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் தையல் பிரித்துவிடுவார்கள். அன்றைக்கே ஆகாரத்தின் அளவைத் திருத்தவேண்டும். கருத்தடைக்குப் பின் உடல் செலவழிக்கும் சக்தி குறைந்து, பசி கூடுவதால், பழைய அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் குறைப்பது பொருந்தும். கண்மதிப்பால் குறைக்காமல், ஓர் ஆழாக்கையோ கிண்ணத்தையோ அளவுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். மாலைத் தேநீரோடு நீட்டப்படும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில் சேரும்.

எடை பார்ப்பது எளிது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று பாருங்கள். பிறகு தனியே நின்று கழித்துக்கொள்ளுங்கள். தூக்கமுடியாத பெரிய நாயாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். மெல்லிய சதையினூடே எலும்புகள் விரலுக்கு அகப்படவேண்டும், கண்ணுக்குத் தெரியலாகாது. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, எண்ணைச் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிவாருங்கள். பெட்டை நாயின் வாலடியும் படுக்கையும் ஈரமாயிருக்கின்றனவா என்பதையும் அந்த நாளிலேயே பார்த்துவிடுங்கள்; சிறுநீர் கசிந்தால் அதற்கு மருந்து உண்டு; திட்டவேண்டியதில்லை.